கல்விக் கடன்: வங்கிப் படி ஏறும் முன்பு

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கு மேற்கே உள்ள ஒரு காலனிக்குக் கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் போயிருந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த ஒரு மாணவி, கலந்தாய்வில் தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் பெற்றிருந்தார். அந்தத் தெருவில் பி.இ. சேரும் முதல் பெண். அப்பா செங்கல் சூளையில் வேலை. அம்மாவுக்கு நூறு நாள் வேலையும் கரும்பு வெட்டும். கல்லூரியில் சேர்வதற்கு விடுதிக் கட்டணமும் மற்றவையும் சேர்த்து உடனே பணம் கட்டச் சொன்னார்கள். வங்கிக்கு நான்கு முறை நடந்த அம்மா, கடைசியில் மைக்ரோ பைனான்ஸ் குழுவில் 50 ஆயிரம் ரூபாய் வாரக் கடன் வாங்கிக் கட்டிவிட்டார்.

"ஒருவாட்டி போனா மேனேஜர் லீவுன்றாங்க. அடுத்தவாட்டி போனா ஜாமீனுக்கு கவர்மென்ட் உத்தியோகத்துல யாராவது இருக்காங்களான்றாங்க. எங்க தெருவுல யாரு சார் இருக்காங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியையே அவரிடம் கேட்டிருக்கக் கூடாது. 4 லட்சம் ரூபாய் வரையான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணையமும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம் என்பது இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001இல் வந்தபோதிலிருந்தே இருக்கிற விதி. 2015இல் மத்திய அரசு கல்விக் கடனுக்கென்று ஒரு உத்தரவாத நிதியை ஏற்படுத்திய பிறகு, அந்தத் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரை இதே நிலைதான். மாணவரோடு பெற்றோரில் ஒருவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். ஆனால் இது தெரிந்திருந்தால்தான் "எந்த விதியில் ஜாமீன் கேட்கிறீர்கள் சார்?" என்று திருப்பிக் கேட்க முடியும். தெரியாதவரை வங்கி மேலாளர் சொல்வதுதான் சட்டம்.

இந்த வாரம் நாம் எழுதுவது கல்விக் கடனைப் பற்றி. ஆனால் கடனுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

எதற்குக் கடன், எதற்கு வேண்டாம்

நம் பிள்ளைகள் பலர், அரசே கட்ட வேண்டிய கட்டணத்துக்குக் கடன் வாங்கிவிடுகிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டு. 2012இல் தமிழக அரசு வெளியிட்ட 6ஆம் எண் அரசாணை, சுயநிதிக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் கட்டண நிர்ணயக் குழு வகுத்த அளவுக்குக் கட்டணத்தை அரசு தரும் என்றது. கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளையும் மாநில அரசு இதில் சேர்த்திருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்த உதவித்தொகை கிடைக்காது. இதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். "கவுன்சலிங்குக்கு ஏன் அலைகிறாய், நேராக வா, எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஊருக்குள் வரும் ஏஜென்டின் பேச்சை நம்பி ஏமாந்த குடும்பங்கள் ஏராளம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியலோ மருத்துவமோ சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவருக்குக் கடன் பெரும்பாலும் தேவையே இல்லை. நாம் சந்தித்த மாணவி படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அதனால் இந்த ஒதுக்கீடு அவருக்கு இல்லை. தமிழ் வழியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மட்டும் உண்டு. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வருகிறது. கல்லூரிக்குப் பக்கத்தில் ஆதிதிராவிடர் நல விடுதி (இப்போது சமூக நீதி விடுதி என்று பெயர்) இருந்து இடமும் கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் இலவசம். கல்லூரி விடுதிக்குப் பணம் கட்டும் முன் அதை ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

அப்படியானால் கடன் எங்கே தேவைப்படுகிறது? உதவித்தொகை தாமதமாக வருகிறது. கல்லூரி அதுவரை காத்திருப்பதில்லை. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தகுதியுள்ள எஸ்.சி. மாணவரிடம் முன்கூட்டியே கட்டணம் வசூலிக்காமல் சேர்த்துக்கொள்ள ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாட்டைச் சொல்கிறது. அதைக் கேட்டால் பல கல்லூரி அலுவலகங்களில் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதே வழிகாட்டுதலில், தொழிற்கல்விப் பட்டப் படிப்பில் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய் படி. இன்றைய விடுதிச் செலவில் இது சில மாதங்களுக்குக்கூட வராது. ஆக விடுதி, சாப்பாடு, புத்தகம், தேர்வுக் கட்டணம், மடிக்கணினி, பஸ் செலவு, புராஜெக்ட் ஆகியவைதான் நம் பிள்ளைகளுக்கான உண்மையான கடன் தேவை. கட்டண நிர்ணயக் குழு வகுத்ததற்கு மேல் கல்லூரி கேட்டால், அது கடன் வாங்கிக் கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை. புகார் கொடுக்க வேண்டிய விஷயம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உதவித்தொகை உரிய நேரத்தில் வந்தால் இந்தக் கட்டுரையில் பாதியை எழுத வேண்டியிருந்திருக்காது. அரசு தாமதிக்கும் காலத்துக்கு வட்டி கட்டுவது செங்கல் சூளைக் குடும்பம்.

மூன்று கதவுகள்

முதல் கதவு வங்கி. 2015 ஆகஸ்ட் 15 அன்று வித்யாலட்சுமி இணையதளம் தொடங்கப்பட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம் வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் தந்த பிறகு, அதற்குத் தனித் தளம் வந்திருக்கிறது. தரவரிசையில் உள்ள குறிப்பிட்ட கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860 என்று அறிவித்தார்கள்) தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கானது அது. உங்கள் கல்லூரி பட்டியலில் இல்லையென்றால் கடனே கிடையாது என்று அர்த்தமில்லை. பழைய மாதிரிக் கல்விக் கடன் திட்டம் அப்படியே இருக்கிறது. இந்த இடத்தில்தான் கிளைகளில் குழப்புகிறார்கள்: "உங்க காலேஜ் லிஸ்டுல இல்லம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது கதவு தாட்கோ. தேசிய எஸ்.சி. நிதி மற்றும் வளர்ச்சிக் கழகத்தின் கல்விக் கடன் தமிழ்நாட்டில் தாட்கோ வழியாக வருகிறது. தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கானது. வட்டி பொதுவாக வங்கியைவிடக் குறைவு, பெண்களுக்கு அதிலும் சிறு சலுகை. வருமான வரம்பு, கடன் உச்ச வரம்பு இரண்டும் அவ்வப்போது மாற்றப்படுவதால் மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் அந்த ஆண்டு நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தாட்கோ என்றாலே மாட்டுக் கடன், ஆட்டோ கடன் என்றுதான் நம் ஊர்களில் தெரியும். கல்விக்குக் கேட்டு வருகிறவர்கள் குறைவு.

மூன்றாவது கதவு, அந்த அம்மா போன கதவு: வாரக் கடன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

வட்டி மானியம் என்ற சொல்

கல்விக் கடன் விண்ணப்பத்தில் நம்மவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். பெற்றோர் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பப் படிப்பில், 'நாக்' அல்லது என்.பி.ஏ. அங்கீகாரம் உள்ள கல்லூரியில் சேர்ந்திருந்தால், படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் வரும் வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டுகிறது. 2009-10 கல்வியாண்டிலிருந்து இருக்கிற திட்டம் இது. செவிலியர் படிப்பு போன்றவற்றில் அந்தந்தக் கவுன்சிலின் அங்கீகாரம் பார்க்கப்படும். சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. படிப்புக்குக் கடன் கிடைக்கும், இந்த மானியம் கிடைக்காது. படிப்பைப் பாதியில் விட்டாலும் கிடைக்காது (உடல்நலக் காரணத்துக்கு விலக்கு உண்டு).

இதன் மதிப்பு என்ன என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 75 ஆயிரம் வீதம் நான்கு ஆண்டுகளில் 3 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் தனி வட்டிதான். முதல் ஆண்டு வாங்கிய 75 ஆயிரத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 37,500. இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு 30,000. மூன்றாவதற்கு 22,500. கடைசித் தொகைக்கு 15,000. கூட்டினால் 1 லட்சத்து 5 ஆயிரம் ரூபாய். மானியம் இருந்தால் வேலைக்குப் போகும்போது கடன் 3 லட்சம். இல்லாவிட்டால் 4 லட்சத்து 5 ஆயிரம். பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 3,965 ரூபாய்க்கும் 5,352 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம் இது. சென்னைக்கு வேலைக்குப் போன பிள்ளைக்கு அறை வாடகையில் ஒரு பங்கு.

இந்த மானியம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. தாசில்தார் அலுவலகம் தரும் வருமானச் சான்றைக் கடன் விண்ணப்பத்தோடு கொடுக்க வேண்டும். "வட்டி மானியத்துக்கும் சேர்த்து விண்ணப்பிக்கிறேன்" என்று எழுத்தில் கொடுத்து, நகலில் கிளையின் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் பட்டியல் வாங்கி, மானியம் வரவு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். படித்து முடித்த பிறகு "மானியம் ஏன் வரவில்லை" என்று கேட்டு வருகிறவர்களைப் பார்க்கிறோம். அப்போது செய்வதற்கு அதிகம் இருப்பதில்லை.

பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது. வேறு அரசு உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. எனவே போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை விட்டுவிட்டு இதன் பின்னால் ஓட வேண்டாம்.

எடுத்துப் போக வேண்டியவை

கல்லூரிச் சேர்க்கை ஆணை, கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணை, நான்கு ஆண்டுக்கும் ஆண்டு வாரியாகக் கட்டணம் எழுதிய போனபைடு சான்று, பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் நகல், சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று, மாணவருக்கும் பெற்றோருக்கும் ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம். கட்டணச் சான்றில் விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம் தனித்தனியாக எழுதியிருக்கட்டும். எழுதாதது கடனில் வராது. மடிக்கணினிக்கும் கடனில் இடமுண்டு. பலருக்குப் பான் அட்டை இல்லாமல்தான் முதல் மாதம் வீணாகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுவாரமே இ-சேவை மையத்துக்குப் போய் வருமானச் சான்றுக்கும் பானுக்கும் எழுதிப்போட்டுவிட வேண்டும். ஜூலையில் கூட்டம் தாங்காது.

கல்லூரியின் அங்கீகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளி மாநில நர்சிங் கல்லூரிக்கு வண்டி வைத்து ஆள் பிடிக்கிறவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தப் பல்கலைக்கழகம், எந்தக் கவுன்சில் என்பது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்குக் கடனும் கிடைக்காது, உதவித்தொகையும் கிடைக்காது. சான்றிதழைத் திரும்ப வாங்குவதற்கே பணம் கட்ட வேண்டிவரும்.

'முடியாது' என்றால்

"உங்க ஊர் எங்க பிராஞ்சு ஏரியாவுல வராது" என்பார்கள். சேவைப் பகுதியைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரில் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் பாலிசி போடு, டெபாசிட் போடு என்றால், அது கடனுக்கான நிபந்தனையா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

வாயால் சொல்லும் மறுப்புக்கு மதிப்பில்லை. விண்ணப்பத்தை இணையத்தில் போட்டுவிட்டால் அதற்கு எண் இருக்கும், தேதி இருக்கும். மாதிரித் திட்டத்தின்படி கிளை மேலாளர் தானாக நிராகரிக்க முடியாது; மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தை எழுதித் தர வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்து இயங்கும் முன்னோடி வங்கி மேலாளர் என்று ஒருவர் இருக்கிறார். கல்விக் கடன் முகாம்களை நடத்துவதும் அவர்தான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவும் அவரிடம்தான் போகும். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம். கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

நாம் சந்தித்த அம்மாவுக்கு நான்காவது முறை சொன்ன காரணம் வேறு: சிபில். முன்பு வாங்கிய குழுக் கடனில் இரண்டு தவணை தாமதமாகியிருந்தது. குழுவில் ஒருத்தி கட்டாமல் போனதால் எல்லோருக்கும் விழுந்த குறை அது. பெற்றோரின் கடன் வரலாறு மகள் படிப்பைத் தடுக்கலாமா என்பது நீதிமன்றங்கள் வரை போன கேள்வி. சிபில் மதிப்பெண் குறைவு என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கல்விக் கடனை மறுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. வழக்குக்குப் போகும் வசதி அந்த வீட்டுக்கு இல்லை. ஆனால் எந்தக் கடனும் இல்லாத அப்பா இருந்தார். இணைக் கடனாளியாக அவரைப் போட்டு, இணையத்தில் புதிதாக விண்ணப்பித்து, முன்னோடி வங்கி மேலாளருக்கு ஒரு நகல் அனுப்பச் சொன்னோம். சூளையில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து அவர் கையெழுத்துப் போட்டார். பெயரைப் பான் அட்டையில் இருப்பதுபோல் எழுதச் சொல்லி மகள் பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டினாள்.

கடன் கேட்பதில் கூச்சம் நம் பிள்ளைகளுக்கு அதிகம். மேலாளர் அறை வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில். 1920இல் லண்டனில் விட்ட படிப்பைத் தொடரப் போனபோது சொந்தச் சேமிப்பு போதாமல் நவல் பதேனா என்ற பார்சி நண்பரிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கித்தான் கப்பல் ஏறினார். கல்விக் கடன் வங்கிகளுக்கு முன்னுரிமைத் துறைக் கடன்; கொடுக்க வேண்டியது அவர்கள் வேலை.

திருப்பிக் கட்டும்போது

படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை அவகாசம் கேட்கலாம். நீண்ட தவணை மாதச் சுமையைக் குறைக்கும், மொத்தத்தைக் கூட்டும்: மேலே சொன்ன 3 லட்சத்தைப் பத்தாண்டில் கட்டினால் மொத்தம் ஏறக்குறைய 4.76 லட்சம், 15 ஆண்டில் 5.80 லட்சம். வேலை கிடைக்கவில்லை என்றால் ஓடி ஒளிய வேண்டாம். வேலையில்லாக் காலத்துக்கு ஒருமுறைக்கு ஆறு மாதம் வரை, இரண்டு மூன்று முறை அவகாசம் தர மாதிரித் திட்டத்தில் இடமிருக்கிறது. தவணை தவறும் முன்பே எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். தேர்தல் வந்தால் தள்ளுபடியாகிவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டுக் கட்டாமல் விட்டவர்களுக்குச் சிபில்தான் கெட்டது. வங்கிப் பணித் தேர்வு அறிவிக்கைகளில்கூட இப்போது கடன் வரலாறு கேட்கிறார்கள்.

வசூலுக்கு வருகிறவர்களுக்கும் விதி உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்து நச்சரிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் முன் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் எழுதியிருக்கிறது. 2016இல் மதுரையில் கல்விக் கடன் வசூல் நெருக்கடிக்கு ஆளான ஒரு கூலித் தொழிலாளியின் மகன், பொறியியல் படித்த இளைஞர், உயிரை மாய்த்துக்கொண்டதை நாம் மறக்கவில்லை. மிரட்டல் வந்தால் அழைப்பைப் பதிவு செய்யுங்கள். அதே குறைதீர்ப்பாளரிடமும் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

திண்டிவனம் பக்கத்து மாணவிக்குப் புரட்டாசிக் கடைசியில் கடன் அனுமதியானது. முதல் தவணை நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்விட்டது. வட்டி மானியத்துக்கான கடிதத்தின் நகலை, முத்திரையோடு, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார். உதவித்தொகை அப்போது வந்திருக்கவில்லை. அம்மா வாங்கிய வாரக் கடனில் இன்னும் 31 வாரம் பாக்கி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் குழு கூடும்; அன்றைக்குக் கரும்பு வெட்டப் போக முடியாது என்றார்.